மருந்து போடாத குழாய்

தேள் கொட்டினால் வலிக்கும் என்று தெரிந்துகொள்ள யாருக்கும் ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஆனாலும் அதற்கென்று இரண்டாவது மாடியில் பாதியை வளைத்துப் போட்டிருந்தார் அத்தான். கதவில் அவர் பெயர், பித்தளை எழுத்தில். உள்ளே நுழைந்தால் அவர் பரிசு வாங்குகிற படம், பரிசு கொடுக்கிற படம், பரிசு வாங்கிவிட்டு எங்கோ தூரத்தைப் பார்க்கிற படம். விஷம் வைக்கிற ஃப்ரிட்ஜின் கதவில்கூட ஒன்று ஒட்டியிருந்தது. யார் ஒட்டினார்கள் என்று கேட்டால், மாணவர்கள் பிரியப்பட்டு ஒட்டினார்கள் என்பார். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'கொடுக்கு'. எப்போதும் தலைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டே திரிவார் என்று காரணம் சொன்னார்கள்.

சின்னவளுக்கு அவர் அக்கா புருஷன். அவரிடமே ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. குடியிருப்பு அக்கா வீட்டு மாடியறையில். சேர்ந்த அன்றைக்கே அத்தான் சட்டம் போட்டுவிட்டார்.

"இந்தப் படியைத் தாண்டினா நான் சார். வீட்டுக்குள்ள அத்தான். ரெண்டையும் போட்டுக் குழப்பாதே. சொந்தக்காரிக்கு இடம் கொடுத்துட்டேன்னு நாலு பேர் பேசக்கூடாது."

நாலு பேர் பேசவில்லை, நாற்பது பேர் பேசினார்கள். அது கிடக்கட்டும். இந்தச் சட்டம் ஒருவழிப் பாதை. ஆய்வுக்கூடத்துக்குள் 'அத்தான்' என்ற வார்த்தை வரக்கூடாதே தவிர, அத்தான் வீட்டு வேலை தாராளமாக வரலாம். அக்கா போன் பண்ணுவாள்: வரும்போது காய்கறி, வரும்போது மாத்திரை, வரும்போது சலவைக் கடையில் அத்தானின் நீலச் சட்டை. மேடை ஏறும் நாளெல்லாம் அவருக்கு அந்த நீலச் சட்டைதான் வேண்டும். அதில் அறிவு கூடுதலாகத் தெரிகிறதாம். பாவம், எங்கேயாவது தெரியட்டும்.

சரி, அங்கே என்னதான் செய்தார்கள்? தேள் விஷத்தில் ஆளைச் சாய்க்கிற குட்டிக் குட்டிப் புரதங்கள் இருக்கின்றன. அவற்றின் மேலெல்லாம் பிளஸ் மின்னூட்டம். பிளஸ் ஒரு மைனஸைக் கண்டால் போய் ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. நம் உடம்புக்குள் பாதிக் காரியம் இந்த ஒட்டுதலில்தான் நடக்கிறது. ஆகவே மைனஸ் நிறைந்த நீளமான ஒரு சங்கிலியைச் செய்து ரத்தத்தில் விட்டால், விஷம் நரம்பைப் பிடிப்பதற்கு முன்னே சங்கிலி விஷத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது யோசனை. யோசனை சின்னவளுடையது. சங்கிலியைக் கண்ணி கண்ணியாகக் கோத்தவளும் அவள்தான். மேடையில் மட்டும் அது "என் மருந்து" என்று அத்தான் வாயில் மாறிவிடும். மாறட்டும், பட்டம் கைக்கு வந்தால் போதும் என்று அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

ஒரே ஒரு இடைஞ்சல். உப்பு.

மனுஷ ரத்தம் உப்பானது. உப்பு தண்ணீரில் கரைந்தால் அதுவும் பிளஸாகவும் மைனஸாகவும் பிரிந்து, இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். கூட்டத்தில் கோத்த கை நழுவுகிற மாதிரி, விஷத்துக்கும் சங்கிலிக்கும் நடுவில் அந்தக் கும்பல் புகுந்து பிடியை விடுவித்துவிடும். முதல் வருஷமே சின்னவள் இதைப் பார்த்துவிட்டாள். உப்புத் தண்ணீரில் சங்கிலியை விஷம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஓடிப்போய் அத்தானிடம் சொன்னாள்.

"உப்பு அழுக்கும்மா. அழுக்கை வெச்சுக்கிட்டு யாராவது அளப்பாங்களா? சுத்தத் தண்ணியில செய். உப்பையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்."

சுத்தத் தண்ணீரில் செய்தாள். முடிவு அமர்க்களமாக வந்தது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று அடுப்படியில் நிற்கிற எவருக்கும் தெரியும். அத்தான் அடுப்படிப் பக்கம் போனதில்லை. அந்த 'அப்புறம்' வரவேயில்லை.

குழாய் விஷயத்திலும் அவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஊரில் எல்லா ஆய்வுக்கூடத்திலும் பிளாஸ்டிக் குழாய். இவருக்கு அது ஆகாது. இவருடைய பேராசிரியர் கண்ணாடிக் குழாயில்தான் செய்தாராம். "பிளாஸ்டிக்ல கலக்கறவன் விஞ்ஞானி இல்ல, ஜூஸ் கடைக்காரன்" என்று வகுப்பிலேயே சொல்வார். ஆகவே சின்னவள் விஷத்தையும் மருந்தையும் கண்ணாடிக் குழாயில், சுத்தத் தண்ணீரில் கலந்து, கொஞ்ச நேரம் ஊற வைத்து, கீழே எலிக்கூடத்துக்குக் கொண்டுபோய் எலிகளுக்கு ஊசி போடுவாள். மருந்தில்லாமல் வெறும் விஷம் போனால் எலி என்ன ஆகும் என்று பார்ப்பது எலிக்கூடத்துக்காரர்களின் வேலை. அவர்கள் தங்கள் வழக்கப்படி பிளாஸ்டிக் குழாயில், உப்புத் தண்ணீரில் விஷத்தைக் கலந்து போட்டார்கள். அந்த எலிகள் செத்தன. சின்னவளின் எலிகள் பிழைத்தன. இங்கே கண்ணாடி, அங்கே பிளாஸ்டிக். இங்கே வெறும் தண்ணீர், அங்கே உப்பு. மெத்தப் படித்த அத்தனை பேரில் ஒருத்தருக்காவது இது உறுத்த வேண்டுமே! சின்னவளுக்கே உறுத்தவில்லை. எலி பிழைத்த சந்தோஷத்தில் யார் குழாயைப் பார்க்கிறார்கள்?

ஆய்வேடு எழுதி, பைண்டு பண்ணி, முதுகில் தங்க எழுத்தும் பதித்தாகிவிட்டது. வாய்மொழித் தேர்வு ஒன்றுதான் பாக்கி. அது முடிந்தால் அவள் பெயருக்கு முன்னால் டாக்டர்; அக்கா வீட்டு மாடியறைக்கு ஒரு பெரிய கும்பிடு. இந்த ஒன்றுக்காகத்தான் ஆறு வருஷம் நீலச் சட்டை சுமந்தாள்.

இதற்கிடையில் கல்குவாரிப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்துபோனாள். குரல் கட்டிப்போய், தூங்கிப் பல நாளான முகத்தோடு இருந்தாள்.

"கல்லுக்கு அடியில கைய விட்டுடுதுங்க பிள்ளைங்க. வாயில நுரை தள்ளிக்கிட்டு வருதுங்க. பழைய மருந்து சிலதுக்குக் கேக்குது, சிலதுக்குக் கேக்கல. உங்களோடது வந்தா முதல்ல எங்களுக்குக் கொடுங்க சார்."

"உங்களுக்கு இல்லாததா?" என்றார் அத்தான், ஏதோ வீட்டுத் தோட்டத்துப் பூவைப் பறித்துக் கொடுப்பவர் போல.

சுகாதாரத் துறையிலிருந்து ஒரு குழு நேரில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு ஆயிற்று. அவர்கள் சரி என்றால், அந்த ஆஸ்பத்திரியில் பழைய மருந்தை நிறுத்திவிட்டு இதைப் போட்டுப் பார்ப்பார்கள்.

குழு வருவதற்கு முந்தின வாரம் கடைசிச் சுற்று எலிச் சோதனை. ஆறு கண்ணாடிக் குழாயில் விஷம். ஐஸ் பெட்டியில் ஆறு குப்பி மருந்து, அளந்து மூடி வைத்தது. குழாய்க்கு ஒரு குப்பி. பாதி ஊற்றியிருப்பாள், போன் அடித்தது. அக்கா.

"நீலச் சட்டை காலர்ல கறை போகலயாம்டி. சலவைக் கடைக்காரன் கையை விரிக்கிறான். நீ போய் ஒரு சத்தம் போட்டு வாங்கிட்டு வா. நான் சொன்னா அவன் மதிக்கவே மாட்டேங்கறான்."

"அக்கா, கையில விஷம் வெச்சுக்கிட்டு நிக்கறேன்."

"விஷம் எங்கடி ஓடிடப்போகுது? சட்டை முக்கியம். டிவிக்காரங்க வராங்களாம்."

கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுப் போனாள். சலவைக் கடையில் சத்தம் போட்டாள். அவன் திருப்பிச் சத்தம் போட்டான். நாளைக்கு வாங்க என்றான். எரிச்சலோடு திரும்பி வந்து, மிச்ச வேலையை முடித்து, குழாய்களைக் கீழே கொண்டுபோய் எலிகளுக்குப் போட்டாள். ஆறும் பிழைத்தன. அத்தான் அவள் முதுகில் தட்டி, "என் மருந்து பேசுது பார்த்தியா?" என்றார்.

மறுநாள் காலை ஐஸ் பெட்டியைக் கழுவ எடுத்தாள். அடியில், கரைந்த தண்ணீரில், ஒரு குப்பி மிதந்தது. மூடி திறக்கவில்லை. நிறைய மருந்து.

ஆறு குழாய், ஐந்து குப்பி. அப்படியானால் ஒரு எலிக்கு வெறும் விஷம் போயிருக்கிறது. செத்திருக்க வேண்டுமே! படியிறங்கி எலிக்கூடத்துக்கு ஓடினாள். ஆறும் வாலை இழுத்துக்கொண்டு தீனி கொறித்தன. எது மருந்தில்லாத எலி என்று உற்று உற்றுப் பார்த்தாள். ஒன்றின் முகத்திலும் எழுதி ஒட்டியிருக்கவில்லை.

மேலே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு கண்ணாடிக் குழாயில் விஷமும் சுத்தத் தண்ணீரும் மட்டும் விட்டாள். மருந்து ஒரு சொட்டு இல்லை. கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, அந்தத் தண்ணீரை எடுத்து விஷம் அளக்கிற கருவியில் போட்டாள். விஷம் இருந்தால் திரையில் கோடு குன்று மாதிரி எழும்பும். எழும்பவில்லை. தரையோடு படுத்துக் கிடந்தது. குழாயைக் கவிழ்த்து, நன்றாக உதறிக் காலி பண்ணினாள். அந்தக் காலிக் குழாயில் உப்புத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, அதை அளந்தாள். குன்று எழும்பிற்று. போட்ட விஷம் பூராவும் அங்கே இருந்தது.

கண்ணாடியும் மைனஸ்தான். தண்ணீரில் நனைந்த கண்ணாடிச் சுவர் மேலெல்லாம் மைனஸ். பிளஸ் விஷம் போய் அதில் அப்பிக்கொண்டது. உப்பு வந்ததும் பிடி விட்டு இறங்கிவிட்டது. இத்தனை காலமும் எலிக்குப் போன ஊசியில் கொல்லுமளவு விஷமே போகவில்லை. விஷம் குழாயிலேயே உட்கார்ந்திருந்தது. மருந்து பாட்டுக்கு மருந்து, எலி பாட்டுக்கு எலி. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைக்கு ஆய்வேடு எழுதி, தங்க எழுத்தும் பதித்திருக்கிறாள். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அத்தான் அறையில் பேச்சு சுருக்கமாக முடிந்தது.

"சார், மருந்தே போடாம ஒரு எலி பிழைச்சிருக்கு."

அவர் தலையே நிமிரவில்லை. "போட்டிருப்பே. மறந்திருப்பே."

"குப்பி மூடினபடி இருக்கு சார். திரும்பவும் செஞ்சு பார்த்தேன். விஷம் கண்ணாடியில ஒட்டிக்குது. உப்புத் தண்ணி ஊத்தினா அப்படியே இறங்கி வருது. மருந்து ஒண்ணுமே செய்யல. குழாய்தான் செஞ்சிருக்கு."

இப்போது நிமிர்ந்தார். முகத்தில் ஒரு நொடி ரத்தமில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. அவள் எதிர்பார்த்தது 'எங்கே, காட்டு' என்ற ஒரு வார்த்தை. அவர் கேட்டது வேறு.

"இதை யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"சொல்லாதே. உன் ஆய்வேடு எதைப் பத்தி? இந்த மருந்தைப் பத்தி. குழாய்தான் செஞ்சுதுன்னு நீ கிளம்பினா, பட்டத்தைக் குழாய்க்குத்தான் கொடுப்பாங்க, உனக்கில்ல."

"பிள்ளைங்களுக்குப் போடப்போறாங்களே சார்? ரத்தத்துல உப்பு இருக்குமே?"

"எந்தப் புது மருந்தும் முதல்ல கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும். அப்புறம் சரி பண்ணிக்கலாம். குழு வந்துட்டுப் போகட்டும். போ, வேலையைப் பாரு."

மறுபடியும் அந்த அப்புறம்! அப்புறம் சரி பண்ணிக்கொள்ள அது என்ன சட்டைக் காலரா?

சாயங்காலம் அக்கா சாப்பாட்டுத் தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். புருஷன் ஏற்கெனவே ஓதி வைத்திருக்கிறார் என்பது அவள் குரலிலேயே தெரிந்தது.

"ஏன்டி, உனக்கென்ன தலையெழுத்து? பட்டத்தை வாங்கிக்கோ. அப்புறம் நீ என்ன வேணும்னாலும் பேசு, யாரு வேண்டாங்கறா? கொஞ்ச நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தா குடியா முழுகிடும்?"

"அந்தப் பிள்ளைங்க செத்தா?"

"அதுங்க இப்பவும்தான் சாகுதுங்க" என்றாள் அக்கா. சொன்ன உடனே தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். அக்கா கெட்டவள் இல்லை. அந்த மனுஷனோடு குடும்பம் நடத்தி நடத்தி, அவர் பேச்சு இவள் வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவ்வளவுதான்.

சின்னவள் மாடிக்குப் போய் ஆய்வேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதுகில் தன் பெயரைத் தடவிப் பார்த்தாள். விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. யாருக்குத்தான் வரும்? தன்னோடு படித்தவர்களெல்லாம் வேலை, கல்யாணம், குழந்தை என்று போய்விட்டார்கள். அவள் தேளோடு குடித்தனம் நடத்தினாள். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் முடிவு பண்ணினாள். அது நிஜம். பேசாமல் இருப்பதற்கு நல்ல நல்ல காரணங்கள் வரிசையாக வந்தன. எல்லாக் காரணமும் அத்தான் குரலிலேயே வந்தன. அதுதான் அவளுக்குக் குமட்டிற்று. இன்னும் பத்து வருஷத்தில் தானும் ஒரு ஃப்ரிட்ஜில் படம் ஒட்டிக்கொண்டு, ஒரு பெண்ணைப் பார்த்து 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று சொல்வோம் என்று தோன்றியது. புத்தகத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

குழு வந்தது. சுகாதாரத் துறை அதிகாரி ஒருவர், தலையாட்டுவதற்கென்றே அவர் அழைத்து வந்த இரண்டு பேர், கல்குவாரி ஆஸ்பத்திரி டாக்டரம்மா. டிவிக்காரர்கள் வரவில்லை. அத்தானுக்கு அதில் கொஞ்சம் முகம் சுண்டியிருந்தது. நீலச் சட்டையும் வரவில்லை. கறை போகவில்லை என்று சலவைக் கடைக்காரன் கடைசிவரை சாதித்துவிட்டான். வெள்ளைச் சட்டையில் நின்றார்.

மேஜை மேல் ஆறு கண்ணாடிக் குழாய். பக்கத்தில் ஐஸ் பெட்டி, மூடியபடி.

"எல்லாம் தயாரா?" என்றார்.

"தயார் சார்" என்றாள் சின்னவள். விஷமும் தண்ணீரும் அவள் கையால் ஊற்றியதுதான். ஐஸ் பெட்டியை அவள் திறக்கவேயில்லை.

அத்தான் பேசினார். இயற்கை என்றார், மனிதகுலம் என்றார், பிளஸுக்கும் மைனஸுக்கும் உள்ள தீராத ஈர்ப்பு என்றார். அதிகாரி கொட்டாவியை அடக்கினார். முதலில் எலிக்கூடத்திலிருந்து பிளாஸ்டிக் குழாயில் வந்த வெறும் விஷத்தைக் கருவியில் போட்டுக் காட்டினார். திரையில் குன்று எழும்பிற்று. பிறகு ஒரு வித்தைக்காரனைப் போல டாக்டரம்மாவைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"நீங்களே ஒரு குழாயை எடுங்க மேடம். எதை வேணும்னாலும்."

அவள் ஒன்றை எடுத்தாள். அளந்தார்கள். கோடு தரையோடு படுத்தது. "இன்னொண்ணு" என்றார் அத்தான். அதுவும் படுத்தது. "இன்னொண்ணு." அதுவும். தலையாட்டுகிறவர்கள் கை தட்டினார்கள். அதிகாரி பேனாவைத் திறந்தார். டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கண்ணீரைப் பார்த்ததும் சின்னவள் மேஜைக்கு முன்னால் வந்தாள். டாக்டரம்மாவிடமே சொன்னாள்.

"மேடம், இதுல எந்தக் குழாய்லயும் மருந்து இல்ல."

யாருக்கும் புரியவில்லை. அவள் ஐஸ் பெட்டியைத் திறந்து மேஜை மேல் சரித்தாள். ஆறு குப்பியும் உருண்டன. ஆறும் மூடி திறக்காதவை.

"மருந்து பூராவும் இங்க இருக்கு. விஷம் கண்ணாடியில ஒட்டிக்கிட்டிருக்கு. பாருங்க." டாக்டரம்மா எடுத்த முதல் குழாயைக் கவிழ்த்துக் காலி பண்ணி, உப்புத் தண்ணீரை ஊற்றிக் குலுக்கி, கருவியில் போட்டாள். குன்று எழும்பிற்று. "ரத்தத்துல இதே அளவு உப்பு இருக்கு. இந்த மருந்தை நம்பி அந்தப் பிள்ளைங்களுக்குப் போட்டீங்கன்னா, நீங்க அதுங்களுக்கு ஒண்ணுமே போடலன்னு அர்த்தம்."

திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். அன்றைக்கு அது வெள்ளைச் சட்டை போட்டு நின்றது. கத்தவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஆனால் அத்தானை அவ்வளவு லேசாக எடைபோடக்கூடாது. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஜாதி அது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இதையும் நான் எதிர்பார்த்ததுதான். பார்க்கப் போனா இது இன்னும் பெரிய கண்டுபிடிப்பு. கண்ணாடிக்குத் தேள் விஷத்தை உறிஞ்சற சக்தி இருக்கு. இதுவரைக்கும் யாரும்…"

"அப்படியா சார்?" என்றாள் டாக்டரம்மா. கட்டின குரல் இப்போது நன்றாகத் திறந்துவிட்டது. "அப்ப நான் என்ன பண்ணட்டும்? கொட்டு வாங்கி வர்ற பிள்ளையைக் கண்ணாடிக் குழாய்க்குள்ள போட்டுக் குலுக்கட்டுமா?"

தலையாட்டுகிறவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். அதிகாரி பேனாவை மூடினார். அத்தான் சுற்றும்முற்றும் பார்த்தார். சுவரிலிருந்த அத்தனை படங்களும் சிரித்துக்கொண்டிருந்தன; ஒன்றும் உதவிக்கு இறங்கி வரவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்குக் கூடமும் சொந்தக் கூடமாகிவிட்டதே! கடைசியில் விரல் சின்னவள் பக்கம் நீண்டது.

"ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திடறேன். இது முழுக்க முழுக்க இவங்களோட ஆராய்ச்சி. யோசனை இவங்களோடது. மருந்து இவங்க செஞ்சது. குழாய், தண்ணி, எலி எல்லாம் இவங்க பொறுப்பு. நான் நம்பிக் கையெழுத்து போட்டேன், அவ்வளவுதான். இது என் மருந்தே இல்ல."

ஆறு வருஷம் ஒரு மேடையிலும் கிடைக்காத பெருமை அன்றைக்குத்தான் அவளுக்கு முழுசாகக் கிடைத்தது. ஒரு பொட்டுக்கூடத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் அத்தனையையும் அள்ளிக் கொடுத்துவிட்டார் மகராசன். அவளுக்கு அழுகை முட்டியது. அவர் முன்னால் அழுவதற்கு மட்டும் தயாராக இல்லை.

"ஆமா அத்தான். என்னோடதுதான்."

அத்தான் என்ற வார்த்தை அந்த அறைக்குள் முதல் தடவையாக விழுந்தது. அதிகாரி இவளையும் பார்த்தார், அவரையும் பார்த்தார்.

"என்னோடதுன்னு நீங்களே இவங்க முன்னால சொல்லிட்டீங்க. அதனால இதை யாருக்கும் போடக்கூடாதுன்னு சொல்ற உரிமையும் எனக்குத்தான். நான் திரும்ப வாங்கிக்கறேன். ஆய்வேட்டையும் சேர்த்துத்தான்."

டாக்டரம்மா எழுந்தாள். "மருந்துக்குச் சொந்தக்காரங்களே வேண்டாங்கறாங்க. அப்புறம் என்ன? பழைய மருந்தையே போட்டுக்கறோம்" என்று அதிகாரியைப் பார்த்துச் சொன்னாள். அவர் தலையை அசைத்தார். கூட வந்த இருவரும் உடனே அசைத்தார்கள். போகும்போது அவள் சின்னவளின் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினாள். நன்றி என்று சொல்லவில்லை. நன்றி சொல்ல அதில் என்ன இருக்கிறது? எதிர்பார்த்து வந்தது கிடைக்காமல் போகிறாள்.

வாய்மொழித் தேர்வு அன்றைக்கே ரத்தாயிற்று. சின்னவள் தன் மேஜையைக் காலி பண்ணி, ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றபோது போன் அடித்தது. அக்கா அழுதுகொண்டிருந்தாள்.

"உன் மருந்தால அவர் மானமே போச்சுடி. நடுச்சபையில, அதுவும் சொந்த மச்சினிச்சியே இப்படியா… ஐயோ, எனக்கு என்ன பேசறதுன்னே தெரியல."

உன் மருந்து! அதற்குள் வீடுவரைக்கும் போய்விட்டது. அக்கா மூக்கைச் சிந்தினாள். பிறகு பழக்கம் அக்காவின் வாயைத் தானாகத் திறந்தது.

"வர்ற வழியில… அந்தச் சட்டை இருக்கில்ல? சலவைக் கடைக்காரன் கறையோடயே எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லிட்டான். கொஞ்சம் வாங்கிட்டு வந்துடறியா?"

சின்னவளுக்கு அன்றைக்கு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நினைத்துப் பார்த்தால் அந்தச் சட்டைக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். அதன் காலர் அழுக்காகாமல் இருந்திருந்தால் அக்கா போன் பண்ணியிருக்க மாட்டாள், குப்பி மிஞ்சியிருக்காது, குவாரிப் பிள்ளைகளுக்கு இந்தத் தண்ணீரைப் போட்டிருப்பார்கள். அத்தான் ஆயுசுக்கும் செய்யாத விஞ்ஞானத்தை அந்தக் கறை செய்துவிட்டது.

"முடியாது அக்கா. ராத்திரிக்குள்ள என் சாமானை எடுத்துக்கறேன்" என்றாள்.

போனை வைத்தபிறகுதான் அழுகை வந்தது. ஆறு வருஷத்துக்காக அழுதாள், தங்க எழுத்துக்காக அழுதாள், அக்காவுக்காகவும் கொஞ்சம் அழுதாள். பஸ் வந்தது. அட்டைப்பெட்டியில் அந்த ஆறு குப்பி மருந்தும் இருந்தது. உட்கார இடம் கிடைத்ததும் அதை மடியில் வைத்துக்கொண்டாள். சங்கிலியில் எந்தக் கண்ணியை மாற்றிக் கோத்தால் உப்புத் தண்ணீரிலும் பிடி விடாமல் இருக்கும் என்று, மூக்கை உறிஞ்சிக்கொண்டே யோசிக்க ஆரம்பித்தாள்.